எல்லாவற்றிலும் ஒட்டும் ஆன்டிபாடி

“ஹலோ... கஸ்டமர் கேரா?... ஆமா, ஆமா, நான்தாங்க. காலையிலேருந்து உங்க பாட்டைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்... பரவாயில்லைங்க, நல்ல பாட்டுதான். மனப்பாடமே ஆயிடுச்சு.”

ஆராய்ச்சி மாணவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினாள். மைக்ரோஸ்கோப் திரையில் செல்கள் பச்சைப் பசேலென்று மின்னின. மின்னியிருக்கக் கூடாது என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

“புகார்தாங்க. உங்க ஆன்டிபாடி... ஆமா, செல்லை வளரச் சொல்ற சிக்னலை வாங்குதே, அந்த ரிசெப்டாரைக் கண்டுபிடிக்கிறது... அதேதான். ரிசெப்டார் இருந்தா ஒட்டிக்கிட்டுப் பச்சையா மின்னணும், இல்லாட்டி இருட்டா இருக்கணும்... அதான் பிரச்சினை. அந்த ரிசெப்டாரே இல்லாமப் பண்ணின செல்லுலயும் மின்னுது... இல்லைங்க, செல் மாறிப் போகல. ஜீனையே வெட்டி எடுத்தாச்சு. ஆளே இல்லாத வீட்டுல போய்க் குடும்பத்தோட உக்காந்திருக்கு உங்க ஆன்டிபாடி.

“...கம்மியா ஊத்திப் பார்த்தேன்... அதுவும் பார்த்தேன்... கண்ட இடத்துல ஒட்டாம இருக்கப் போடற பால் பவுடர் கரைசலா? கெட்டியாத்தான் போட்டேன். இன்னும் கெட்டியாப் போட்டா ஸ்பூன்லதான் எடுக்கணும்... இன்னொரு பாட்டிலா? அதுவும் எல்லாத்துலயும் ஒட்டுமே.”

அவள் குரல் இறங்கியது.

“இங்க பாருங்க. என் தீசிஸ் மொத்தமும் இதை நம்பித்தான் நிக்குது. எங்க சார், ‘கம்பெனிக்காரனே சரிங்கறான், உனக்கென்ன சந்தேகம், திங்கட்கிழமை கொடுத்துடு’ங்கறாரு. கோளாறு இருக்குன்னு நீங்க ஒரு மெயில் போட்டாப் போதும்... தெரிஞ்சே பொய்யை எழுத எனக்கு மனசு வரலைங்க.

“...சோதிச்சுத்தான் விக்கிறீங்களா? ரிசெப்டார் இல்லாத செல்லுல போட்டுப்... பார்த்ததில்லையா. அப்ப எதை வெச்சு... ஆய்வுக் கட்டுரையா? உங்க வெப்சைட்லயே இருக்கா?... சரி, சரி, திறக்கறேன்.”

பக்கம் திறந்தது. அவள் அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“...லைன்லதாங்க இருக்கேன். இது எங்க லேப் படம்ங்க. எங்க சார் எழுதின கட்டுரை... ஆமாங்க, அவரேதான். அவர் உங்களை நம்பிப் போட்டிருக்காரு, நீங்க அவரை நம்பி வித்துக்கிட்டிருக்கீங்க... சிரிக்கலைங்க, அழுகைதான் வருது... ஓ. எழுதினவரே தப்புன்னு சொன்னாத்தான் மெயில் போடுவீங்களா... சரி... ஆமா... இருங்க, அவரே வர்றாரு.”

பேராசிரியர் காபிக் கோப்பையுடன் உள்ளே வந்து, என்ன சொல்கிறார்கள் என்று புருவத்தாலேயே கேட்டார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை நீட்டினாள்.

“சார், கம்பெனிக்காரர். அவங்க ஆன்டிபாடியை நம்பலாமான்னு உங்ககிட்டதான் கேக்கணுமாம்.”

பேராசிரியர் போனை வாங்கினார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லைனைத் துண்டித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

அவள் அதை எடுத்து அதே எண்ணை மறுபடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாட்டு ஆரம்பித்தது.

“உக்காருங்க சார். கொஞ்ச நேரமாகும்.”