முன் சீட்டு

எங்கள் வீட்டுக் காரில் முன் சீட்டு எப்போதும் எனக்குத்தான், சார். அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில், தங்கை பின்னால். நான் அவளைவிட மூன்று வயது மூத்தவன். யாரும் சட்டம் போடவில்லை, அவளும் கேட்டதில்லை. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

இரண்டு பேரும் விமானம் ஓட்டக் கற்றோம். ரேடியோ தேர்வில் நான் ஒருமுறை சறுக்கினேன். அவள் சறுக்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் நிறுவனத்துக்கு இருவருடைய விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மெயில் முகவரிதான். கேஸ் சிலிண்டர் பதிவு முதல் அம்மாவின் மருந்துச் சீட்டு வரை அதில்தான் வரும். அதைத் திறப்பவன் நான் ஒருவனே. தொலைபேசி எண்ணும் என்னுடையதையே கொடுத்தேன். அன்றைக்கு என் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது.

அந்த மெயிலுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. அவளுக்குப் பயிற்சி ஐந்தாம் தேதி. எனக்குப் பத்தொன்பதாம் தேதி.

பதினாலு நாள்தானே என்பீர்கள். ஆனால் சேரும் தேதியை வைத்துத்தானே இங்கே சீனியாரிட்டி எண் போடுகிறீர்கள்? ஓய்வு பெறும்வரை அது மாறாதே. அவள் எனக்கு முன்னால் கேப்டன் ஆவாள். ஒருநாள் ஒரே விமானத்தில் போட்டால் அவள் இடப்பக்கம், கேப்டன் சீட்டில் உட்கார்ந்து, "அண்ணா, சக்கரத்தைத் தூக்கு" என்பாள். நான் தூக்க வேண்டும். அந்தச் சங்கடம் அவளுக்கு எதற்கு என்றுதான் யோசித்தேன்.

அதனால் அவள் பெயரில் ஒரு மெயில் போட்டேன். சொந்தக் காரணங்களால் பயிற்சியை மூன்று மாதம் தள்ளிவைக்க வேண்டுகிறேன் என்று இரண்டே வரி. உங்கள் அலுவலக அம்மா விடவில்லை. என்ன காரணம், அத்தாட்சி எங்கே என்று கேட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் சொன்னது ஒரே பொய், அந்தக் கல்யாணம்தான்.

அத்தாட்சிக்காகக் கல்யாணப் பத்திரிகை ஒன்றே ஒன்று அச்சடித்து அனுப்பினேன். மாப்பிள்ளையாக எங்கள் தெருப் பல் டாக்டரைப் போட்டேன், நல்ல மனிதர். பன்னிரண்டாம் தேதி உண்மையிலேயே வேறொரு கல்யாணம் நடக்கும் மண்டபமாகப் பார்த்து அதன் பெயரைப் போட்டேன். யாராவது போன் செய்து கேட்டால் பொய்யாகிவிடக் கூடாது பாருங்கள். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

அந்த மண்டபத்துக்கு நீங்கள் குடும்பத்தோடு போவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, சார். பரிசாகக் கொண்டுபோன சுவர்க் கடிகாரத்தை யாரோ ஒரு மணப்பெண்ணின் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்த அன்று கூப்பிட்டுக் கேட்டீர்களே:

"என்னப்பா, உன் தங்கச்சி மேடையில என்னைப் பாத்து முழிச்சுது? எனக்கும் அடையாளமே தெரியல."

"மேக்கப் கொஞ்சம் ஜாஸ்தி சார்," என்றேன். உங்கள் கல்யாணத்திலும் இப்படித்தான் என்று நீங்கள் சிரித்தீர்கள். இரக்க குணம் உள்ளவர் என்று அப்போதே நினைத்தேன்.

வீட்டில் அவள் தினமும் காலையில் வந்து நிற்பாள்.

"அண்ணா, எனக்கு மெயில் வந்துச்சா?"

"இல்லம்மா. ஒரே வீட்டுல ரெண்டு பேரை எடுக்க மாட்டாங்க போல."

"பரவால்ல. உனக்குக் கிடைச்சுதுல்ல, அது போதும்."

அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். வெளியே நின்று ஆறுதல் சொன்னதும் நான்தான். என் சட்டைகளை அவள்தான் இஸ்திரி போட்டாள். தனக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்த ஹெட்செட்டை என் பெட்டியில் வைத்தாள். என் காதுக்கு அது கச்சிதமாக இருந்தது.

அந்த ஹெட்செட்டை நான் ஒருநாள் வீட்டிலேயே மறந்து வந்ததுதான் தப்பாகிவிட்டது. வகுப்புக்கு வேண்டுமே என்று அதை எடுத்துக்கொண்டு அவள் இங்கே ஓடி வந்தாள். வாசலில் நீங்கள் நின்றீர்கள்.

"என்னம்மா, கல்யாண வாழ்க்கை எப்படி இருக்கு? கடிகாரம் மாட்டியாச்சா?"

"யாருக்கு சார் கல்யாணம்?"

நான் அப்போது படிக்கட்டில் இருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஹெட்செட்டைத் தன் பைக்குள் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பழைய தேதியையே கொடுத்து, சீனியாரிட்டி எண்ணையும் எனக்கு முன்னால் போடப்போவதாகச் சொன்னீர்கள். எனக்கு வருத்தமில்லை. செய்ததெல்லாம் நான்தான், மெயிலும், பத்திரிகையும், வீட்டில் சொன்னதும். அவள்மேல் எனக்கு ஒரு துளி பொறாமை கிடையாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தேதி மாறி வந்திருந்தால், எனக்கு முதலிலும் அவளுக்குப் பிறகும் வந்திருந்தால், இதையெல்லாம் செய்திருப்பாயா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை, சார். நானே அவளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து இந்த வாசலில் இறக்கிவிட்டிருப்பேன்.

பின் சீட்டிலிருந்துதான்.