கருநாகபுரி மந்திரவாதிக்கு நான் போட்ட சட்டம்

சைக்கிளை வேப்பமர நிழலில் நிறுத்துங்கள், அண்ணாச்சி. புது டயருக்கு இந்த வெயில் ஆகாது. மோரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். நல்லக்கண்ணுவுக்குப் பெண்ணைக் கொடுப்பதாகப் பனவடலிசத்திரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். தெருவில் ஒருத்தரும் அவனோடு பேசுவதில்லை என்பது எப்படியும் உங்கள் காதுக்கு வரும். அதற்குக் காரணம் நான்தான். அதை நானே சொல்லிவிடுவது மரியாதை.

பையன் தங்கம். குருவிகுளத்தில் கிளார்க் வேலை. எங்கள் தெருவில் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை சுற்றும். ஒரே பிரதி, வீட்டுக்கு ஒரு நாள். எண்பத்தொன்று தை மாதம் அதில் கருநாகபுரி என்று ஒரு மாயாஜாலத் தொடர் ஆரம்பித்தான். தெருவில் முதல் வீடு என்னுடையது என்பதால் முதலில் படித்ததும் நான். ஏழு கோட்டையை வெல்லப் புறப்பட்ட ஒரு இளவரசன், அவனுக்குத் துணையாக ஒரு மந்திரவாதி. அந்த நாட்டில் பால் ஆறாக ஓடியது. மந்திரவாதி கையைத் தட்டினால் மலை பறந்தது, மறுபடி தட்டினால் இறங்கியது. எனக்குக் கொட்டாவி வந்தது.

கூப்பிட்டு விட்டேன். "ஏலே, நெனச்சதெல்லாம் நடக்குதவனுக்கு எதுக்குலே கதை? அவன் பேசாம வீட்டுல படுத்துக் கெடக்கலாம்லா."

முதலில் அந்தப் பாலை வற்றவைத்தேன். குழாயடியில் குடங்களை வரிசையாக வை, ராணியின் குடத்தை யாராவது பின்னால் தள்ளட்டும். அதற்கப்புறம் குதிரை வானத்தில் பறந்தாலும் ஜனங்கள் நம்புவார்கள் என்றேன். மந்திரத்துக்கும் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மந்திரவாதி பாம்புப் புற்றில் வாயை வைத்து, அடுத்தவர் மறைத்த உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன உண்மைக்குச் சின்ன மந்திரம். பெரிய உண்மைக்குக் கோட்டையே இடியும். பொய் சொன்னால் பாம்பு நாக்கைக் கொத்தும்.

அவனுக்குச் சட்டம் பிடித்துப்போயிற்று. "ஆனா மாசாமாசம் ரகசியத்துக்கு நான் எங்க சித்தி போவேன்?" என்றான். வெள்ளந்தி. கற்பனை பண்ணி நான் தருகிறேன் என்றேன்.

ஆடித் தபசுக்குக் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றியதாக மாலை வாங்கிக்கொண்ட மந்திரி, அறுபத்தோராவது சுற்றில் சோடாக் கடையில் உட்கார்ந்துவிட்டவன். முதல் கோட்டை விழுந்தது. தன் கைப்பக்குவம் என்று ராணி விருந்தாளிகளுக்கு ஊற்றிய சாம்பார், கிளப்புக் கடையிலிருந்து தூக்குவாளியில் வந்தது. இரண்டாவது கோட்டை. மந்திரி பேசும்போது தோளைச் சொறிவதையும், ராணியின் தெத்துப்பல்லையும் நான்தான் சேர்க்கச் சொன்னேன். படிக்கிறவர்களுக்கு ஆள் கண்முன்னால் நிற்க வேண்டுமில்லையா.

நின்றார்கள். விசைத்தறி வைத்திருக்கும் ஆறுமுகச்சாமி, பத்திரிகை வீட்டுக்கு வந்த அன்றைக்குத் தோளைச் சொறிவதை விட்டார். கோமதியம்மாள் டீச்சர் தெத்துப்பல்லை உதட்டால் மூடிக்கொண்டு, குழாயடியில் நல்லக்கண்ணுவின் அம்மா குடத்தைப் பின்னால் தள்ளினாள். ஆறு கோட்டை விழுவதற்குள் தெருவே அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் என்னிடம் வந்தான்.

"சித்தி, அதெல்லாம் நெசமா?"

"சட்டம் அப்படித்தானேலே. பொய்யின்னா மந்திரம் பலிக்காதே."

அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டான். ஏழாவது கோட்டை அப்படியே நின்றது. பாதியில் நிற்கிற கதை எனக்கு அரைவேக்காட்டுச் சோறு மாதிரி, அண்ணாச்சி. தொண்டையில் இறங்காது. அதனால் அவன் கையெழுத்து மாதிரியே கடைசி அத்தியாயத்தை நான் எழுதிப் பத்திரிகையில் கோர்த்துவிட்டேன். ஏழாவது கோட்டைக்குப் பெரிய உண்மை வேண்டும். தெருவில் எல்லாருடையதும் தீர்ந்துபோயிருந்தது. அவனுடையதுதான் மிச்சம்.

என் அத்தியாயத்தில், இளவரசன் தன் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டே ஏழு கோட்டையும் நடக்கிறான். ஒருநாள் லாடம் கழன்றுவிட்டது என்பான், இன்னொரு நாள் குதிரைக்கு வயிறு சரியில்லை என்பான். மந்திரவாதி புற்றில் வாயை வைத்துச் சொன்னான்: இளவரசனுக்குக் குதிரை ஏறத் தெரியாது. கோட்டை பொடிப்பொடியாயிற்று. அவனே தன்னை எழுதிக்கொண்டான் என்று தெரு விழுந்து விழுந்து சிரித்தது. பின்னே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏழு வருஷமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போகிறான். பஞ்சர், செயின், காற்று என்று நாளுக்கு ஒரு காரணம்.

மோரை மிச்சம் வைக்காதீர்கள். மாப்பிள்ளைக்கு நீங்கள் கொண்டுவந்திருக்கிற சைக்கிள் நல்ல சைக்கிள். தள்ளுவதற்கு லேசாக இருக்கும். பெண்ணை யோசித்துக் கொடுங்கள், அது உங்கள் பாடு.

நீங்கள் கேட்டது அவன் வீடு எது என்று மட்டும்தான். இங்கிருந்து நாலாவது, பச்சைக் கதவு. போனால் என் பேரைச் சொல்ல வேண்டாம். அடுத்தவர் விஷயத்தில் வாயே திறக்காதவள் என்று எனக்கு இந்தத் தெருவில் ஒரு பேர் இருக்கிறது.