பல்லைப் பார்த்து எழுதிய வயது

அரியாங்குப்பம் பஸ்ஸில் என் முன் சீட்டில் தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்திலிருந்த ஹோம் வார்டனிடம் கேட்டாள்: "என் வயச ஒரு வருஷம் கொறச்சி எழுதியிருக்கலாம்லக்கா?" தலைக்குச் சாயம் பூசும் எனக்கு அந்தக் கோரிக்கை நியாயமாகவே பட்டது.

"நீ வந்தப்ப பல்லப் பாத்து குத்துமதிப்பாத்தான்டி எழுதினேன். இப்ப பதினெட்டு ஆயிடிச்சி. அதுக்கு மேல குழந்தைங்க ஹோம்ல வச்சிக்க ரூல் இல்ல."

"கம்ப்யூட்டர் கோர்ஸு பாதியில நிக்குதே."

"ரூம் பாத்துக் குடுத்திருக்கேன்ல? உனக்கே உனக்குன்னு தனி ரூமு. மகாராணி மாதிரி இரு."

பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தது.

"பன்னெண்டு பேரு வரிசையா படுத்துதான் பழக்கம். தனியா எப்பிடிக்கா தூங்கறது?"

அடுத்த ஸ்டாப்பில் இருவரும் இறங்கினார்கள். பெட்டியை வார்டன்தான் தூக்கிக்கொண்டாள்.