சாவியை எடுத்தால் அடங்கிவிடும்

வண்டியில் இன்வெர்ட்டர் மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனால் இறங்கும்போது அதை அணைக்க எல்லோரும் மறந்துவிடுவார்கள். மறுநாள் வண்டி கிளம்பாது. அதனால் நான் சாவியோடு ரிலே என்கிற ஒரு தானியங்கி சுவிட்சைச் சேர்த்துவிடுவேன். சாவியைத் திருப்பினால் பெட்டி தானாக ஓடும், எடுத்தால் தானாக அடங்கிவிடும். இருபது வருஷத் தொழிலில் ஒரு வண்டிகூடப் புகாரோடு திரும்பி வந்ததில்லை.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் பத்து நிமிஷம் தாங்க மாட்டார். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதால், அண்ணனுடைய வேனில் மெஷினுக்காக ஒரு இன்வெர்ட்டர் வைத்துக் கொடுத்தேன்.

நான் எதைச் செய்தாலும் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார். "பெரியவன் பாத்துட்டானா?" வீட்டில் ஃபேன் மாட்டினாலும் அதே கேள்வி. பெண் பார்த்துவிட்டு வந்து எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோதும் அதே கேள்வி. எனக்கு வலித்தது. நாற்பத்தாறு வயதிலும் வலித்தது, அதில் என்ன வெட்கம். இந்த முறையும் கேட்டார். அண்ணன் வந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தான், பச்சை விளக்கு எரிந்தது, மெஷின் ஓடியது. "சூப்பர்டா தம்பி," என்றான். எல்லோரும் இப்படித்தான், ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். நிறுத்திப் பார்க்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் எஞ்சினை நிறுத்தச் சொல்வார் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு முதல் தடவை போன அன்றும் சொன்னார்.

"ஆஃப் பண்ணா அப்பா மெஷின் நின்னுடாதே?" என்று அண்ணன் கேட்டான்.

"அது பேட்டரியில ஓடும்ணா. நீ போய் வீல்சேர் கொண்டா," என்றேன்.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

கரண்ட் நின்றால் அந்த மெஷின் கத்தும். அப்படிக் கத்துவதற்கென்று உள்ளே இருந்த சின்ன பேட்டரியை முந்தின நாளே கழற்றிவிட்டேன். அதனால் சத்தமே இல்லை. பின்சீட்டிலிருந்து அப்பா என் தோளைத் தட்டினார். மூன்று முறை. முதல் தடவை நன்றாகவே தட்டினார். நான் கண்ணாடி வழியே வீல்சேர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரத்துக்கு, சாவி இல்லாமலே பெட்டியை ஓட்ட என் சீட்டுக்கு அடியில் ஒரு நேரடி சுவிட்ச் வைத்திருந்தேன், குனிந்தால் கைக்கு எட்டும். நான் குனியவில்லை. அண்ணன் திரும்பி வரப் பதினெட்டு நிமிஷம் ஆனது.

அவன் இடிந்து போய்விட்டான், பாவம். ஆனால் வயரிங் கோளாறு என்று ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுதான் நானே வந்தேன். அப்பாவைக் கொன்றது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோளாறு என்ற அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. சாவியை எடுத்த நொடியே நின்றதல்லவா, அது அப்படித்தான் நிற்க வேண்டும்.