பூசை வைத்த பந்து

பெருமதிப்பிற்குரிய கழகத் தலைவர் திரு. தண்டபாணி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் செயற்குழு உறுப்பினர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அமரரின் துணைவியார், எங்கள் சகோதரி கஜானி அவர்களே! பாபகூராவிலிருந்தும் நியூ லின்னிலிருந்தும் வேலை முடிந்த களைப்போடு ஓக்லாந்தின் இந்த எல்லர்ஸ்லி மண்டபத்துக்கு வந்து நிறைந்திருக்கும் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் ஏரம்பமூர்த்தியின் கனத்த நெஞ்சத்து வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். நியூ லின்னில் பாலும் பாணும் விற்கும் டெய்ரிக் கடை வைத்திருப்பவன். இந்த உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணிக்குக் கோல் காப்பாளர். பந்து முகத்துக்கு நேரே வந்தால் குனிந்துவிடுவேன். அதனால் எனக்கு இங்கே 'குனிஞ்ச மூர்த்தி' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. மறுக்க மாட்டேன். நான் பயந்தாங்கொள்ளிதான். அப்படிப்பட்ட என்னை, நம் எல்லோரிலும் துணிந்த ஒரு மனிதரைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றியிருக்கிறீர்கள்.

அமரர் யசீகரன் மறைந்ததில் எனக்குத் துக்கம் இல்லையா? இருக்கிறது. ஆனால் துக்கத்தைவிடப் பெரிதாகப் பயம் இருக்கிறது. நாளை காலை நம் கழகத்தின் ஆட்டப் பருவத் தொடக்க விழா. பூசை வைத்த பந்து வரும். நம் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைத் தலையால் அடிப்பார்கள். வரிசையில் முதலாவதாக நிற்கப்போவது என் மகள் ஆரபி. எதற்குப் பயப்படுகிறேன் என்பதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

யார் இந்த யசீகரன்? யாழ்ப்பாணத்தில் பிறந்து, போர் துரத்த, பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இலண்டன் போய்ச் சேர்ந்த பிள்ளை. அங்கே ஒரு பெரிய கழகம் சிறுவயதிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. வளர்ந்த பிறகு, 'நீ போதாது' என்று அனுப்பிவிட்டது. அழுதாரா? அழுதார், அவரே சொல்லியிருக்கிறார். அழுது முடித்து, ரயிலேறி வடக்கே போனார். ஹார்வென் டவுன் என்றொரு கழகம். நான்காம் பிரிவு. சில ஆண்டுகள் அதற்கும் கீழே. அந்த ஊரின் பெயரை இந்த மண்டபத்தில் யாரும் அவர் வாயால் அன்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள். தன் இளமை முழுவதையும் அந்த ஊருக்குக் கொடுத்தார் எங்கள் யசி!

தொலைக்காட்சியில் நாம் பார்க்கிறோமே, அந்த ஆட்டம் அல்ல அது. அங்கே புல் இருக்கும். இவர் ஆடிய இடத்தில் சேறு இருந்தது. அவர் நடுக்கள வீரர். நடுக்கள வீரர் என்றால் அழகாகப் பந்தைக் கடத்திக் கொடுப்பவர் என்று நினைக்கிறோம். கீழ்ப்பிரிவில் அந்த வேலை வேறு. எதிரணிக் கோல் காப்பாளர் ஓங்கி உதைப்பார். பந்து முகில் வரை போய் இறங்கும். அதன் கீழே போய் நிற்க வேண்டும். எதிரே ஒருவன் முழங்கையை நீட்டிக்கொண்டு வருவான். கண்ணை மூடாமல் நெற்றியைக் கொடுக்க வேண்டும். போட்டியில் செய்தது கொஞ்சம்; பயிற்சியில் செய்தது எத்தனை ஆயிரமோ! யார் எண்ணினார்கள்? கோல் அடித்தவனின் பெயரைப் பத்திரிகையில் போட்டார்கள். பந்தின் கீழே போய் நின்றவனின் பெயரை யார் போட்டார்கள்? ஆனாலும், முதல் வருடம் அவரது நிறத்தைச் சொல்லி ஏசிய அதே ஊர்க் கூட்டம், பின்னொரு வருடம் அவரையே ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்தது. சும்மாவா செய்தார்கள்?

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு கதை உங்களுக்குத் தெரியும். ஒரு போட்டியில் தலையோடு தலை மோதி விழுந்தார். அந்தக் காலத்து வைத்தியம் என்ன? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பஞ்சும். முகத்தில் பிழிந்தார்கள். எழும்பினார். கடைசி வரை ஆடினார். ஆட்டம் முடிந்ததும் நேரே எதிரணியின் உடைமாற்றும் அறைக்குள் போய், யாரோ ஒருவனுடைய இடத்தில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்! நம் ஆண்டு விருந்துகளில் இந்தக் கதையைக் கேட்டு எத்தனை முறை சிரித்தோம்? 'யசி, அந்தக் கதையை ஒருக்கா எடுத்து விடும்' என்று நாமே கேட்டுச் சொல்லவைத்தோம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் ஓய்ந்து, திருமணமாகி, கஜானியோடு ஓக்லாந்து வந்தார். பகலில் பொதி விநியோக வான் ஓட்டினார். மாலையில் நம்மைக் கூட்டி வைத்துக் கழகம் தொடங்கி, அதன் பயிற்றுநரும் ஆனார். இலங்கையர், தமிழ்நாட்டார், மலேசியர் என்று தனித்தனி மூலையில் நின்றவர்களை ஒரே சட்டை போடவைத்தவர் அவர்தான்.

முதல் தொடக்க விழாவை மறந்திருக்க மாட்டீர்கள். பந்தைக் கோயிலில் வைத்து, சந்தனப் பொட்டும் திருநீறும் பூசிக் கொண்டுவந்திருந்தோம். புல்லில் வைத்தோம். உதைக்கக் காலைத் தூக்கியாயிற்று. கூட்டத்திலிருந்து பெரியவர் திருநாவுக்கரசு ஐயா எழும்பினார்.

"பொறுங்கோ! பூசை வைச்ச பந்தைக் காலால உதைக்கிறதோ? ஆருக்கு இந்தத் துணிவு வந்தது?"

தூக்கிய கால் கீழே இறங்கியது. ஐயா கேட்டது நியாயம்தானே? புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் நாம். அப்போதுதான் யசி ஓடிவந்தார். பந்தை இரு கையாலும் எடுத்தார். மேலே எறிந்தார். நெற்றியால் ஒரு அடி! பந்து எங்கோ போனது. "தலையில தானே ஐயா வாங்கினது? சரியோ?" என்றார். ஐயாவே கைதட்டினார். அன்றிலிருந்து அதுவே நம் வழக்கமாயிற்று. அடுத்த வருடம் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். தலையால் அடித்த பிள்ளைக்குச் சாமியின் ஆசி என்றோம். பிறகு ஒரு முறை போதாது, மூன்று முறை அடிக்கட்டும் என்றோம். நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம், உறவுகளே. யாரும் கெட்டதை நினைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் என் கடைத் தொலைபேசி அடித்தது. யசி பேசினார்.

"அண்ணை, நான் எங்க நிக்கிறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "உமக்கு முன்னால என்ன தெரியுது தம்பி?" என்றேன்.

"ஒரு கடை தெரியுது. கண்ணாடியில பால் விலை எழுதிக் கிடக்கு. உள்ளுக்க ஒராள் போனில கதைச்சுக்கொண்டு நிக்கிறார்."

நிமிர்ந்து பார்த்தேன். என் கடை வாசலில் அவருடைய வான் நின்றது. உள்ளே அவர் இருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். அந்த 'ஒராள்' நான்தான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். யாரோ ஒரு அந்நியருக்கு மரியாதைக்காகத் தலையசைப்பாரே, அப்படித் தலையசைத்தார். என் வாழ்க்கையில் எவ்வளவோ பயந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்தபோது பதுங்கு குழிக்குள் பயந்திருக்கிறேன். அன்று கடைக்குள் நின்று பயந்தது போல ஒருபோதும் பயந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர் நினைவிலிருந்து முதலில் தெருக்கள் போயின. பிறகு பெயர்கள் போயின. ஐம்பது வயது தாண்டியதும் தாண்டாததுமான ஒரு மனிதர்! வைத்தியர்கள் கஜானியிடம் என்ன சொன்னார்கள்? பந்து பட்டுப் பட்டுத்தான் இப்படி ஆனது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள். அப்படி இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். நிச்சயமாகத் தெரிந்தால் மனிதன் கோபப்படலாம். தெரியாதபோது என்ன செய்வான்? பயப்படத்தான் செய்வான்.

சென்ற ஆண்டுத் தொடக்க விழாவுக்குக் கஜானி அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். பந்தைக் கையில் கொடுத்தோம். வாங்கினார். முகர்ந்து பார்த்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எறியவில்லை. முன்னால் வரிசையில் ஆரபி நின்றாள். அவளைப் பார்த்து, "வேண்டாம் பிள்ளை. நோகும்" என்றார். பிறகு சத்தமாக, "பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ!" என்றார்.

நாம் கைதட்டினோம். தலைவர் அவர்கள் அன்போடுதான் ஒலிவாங்கியில் சொன்னார்: "ஆமா, கோச்சுக்கு இன்னும் பந்து மேல ஆசை போகல பாருங்க!" சிரித்தோம். அவர் பிடியை விடவில்லை. சரி, விடுங்கள் என்று யாரோ காரிலிருந்து வேறொரு பந்தைக் கொண்டுவந்தார்கள். கோயில் ஐயர் தீர்த்தம் தெளித்தார். வரிசை நகர்ந்தது. பிள்ளைகள் அடித்தார்கள். அவர் அந்தப் பழைய பந்தைக் கட்டிப்பிடித்தபடி, ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் கண்ணை மூடாதவர்! அது நோயின் குழப்பம் என்று நினைத்தோம். அங்கே நின்ற அத்தனை பேரிலும் தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தானோ?

பராமரிப்பு இல்லத்தில் சளிக்காய்ச்சல் வந்து அவர் கண்மூடினார். இறுதிச் சடங்கு முடிந்ததும் கஜானி என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, பிள்ளையளை வரிசையில விடாதேங்கோ. அவர் சொன்னவரெல்லோ. நீங்களும் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செயற்குழுவில் இதைச் சொன்னேன். வாக்குவாதம் வந்தது. தலைவர் அவர்கள் மனம் நொந்துதான் கேட்டார்: "நிப்பாட்டிட்டா யசி ஆரம்பிச்சதையே நாம அழிச்ச மாதிரி ஆகாதா? அவர் பேர்ல இந்த வருஷம் இன்னும் சிறப்பா செய்யணும்னுதானே எல்லாரும் பேசுறாங்க?" முடிவு எட்டப்படவில்லை. கூட்டம் கலைந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் நாளை வழக்கம் போலவே நடக்கும்.

இன்று காலை ஐயரிடம் தொலைபேசியில் கேட்டேன். பந்தைக் காலால் உதைத்தால் குற்றமா என்றேன். "உதைக்கத்தானே பந்து செய்தவங்கள். எண்டாலும் பூசை வைச்சது பாரும். நீர் யோசிச்சுச் செய்யும்" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார். அவருக்கும் பயம்தான்!

ஆரபியிடம் போனேன். 'நாளைக்கு நீ அடிக்க வேண்டாம் அம்மா' என்றேன். அவள் கேட்டாள், ஆங்கிலத்தில்தான் கேட்டாள்: "அப்பா, இதுவரைக்கும் அடித்ததெல்லாம் என்ன ஆகும்? நானும் யசி மாமா போல ஆகிவிடுவேனா?" இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நல்ல தகப்பன் சொல்லியிருப்பான். எனக்கு எப்படித் தெரியும்? உங்களில் யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் இருந்தால் எழும்பிச் சொல்லுங்கள், காலில் விழுகிறேன்!

அன்பான உறவுகளே! இரங்கல் கூட்டங்களில் முடிவாக ஒன்றைச் சொல்வது மரபு: அமரர் விட்டுச் சென்ற பணியை நாம் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது. எடுப்போம். ஆனால் எந்தப் பணியை? பந்தின் கீழே போய் நின்ற பணியையா? அதை அவர் செய்து முடித்துவிட்டார். நம் எல்லோருக்குமாகச் சேர்த்துச் செய்துவிட்டார். அவர் கடைசியாகச் செய்த பணி என்ன? பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றதுதானே? பெயர் மறந்து, ஊர் மறந்து, தன்னையே மறந்த பிறகும் ஒரு பயிற்றுநர் மறக்காமல் செய்த வேலை அது. தொடர வேண்டியது அதைத்தான்.

தலைவர் அவர்களே, என்னை மன்னியுங்கள். உங்களைக் கேட்காமல் இந்த மேடையிலேயே சொல்கிறேன். நாளை காலை வரிசை இல்லை. ஆரபி நிற்க மாட்டாள். எந்தப் பிள்ளையும் நிற்காது. பந்து வந்ததும் நான் அதைப் புல்லில் வைப்பேன். சந்தனமும் திருநீறும் இருக்க, இந்தக் காலால் உதைப்பேன். கேட்கும்போதே சிலருக்கு நெஞ்சு பதறும். எனக்கும் பதறுகிறது. நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவன். ஒருநாளும் சாமி காரியத்தில் விளையாடியதில்லை. குற்றம் என்றால் முருகனிடம் போய் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம், அவன் தருவான். பிள்ளையிடம் போய் எதைக் கேட்பது?

இது வீரம் அல்ல. என்னிடம் அது ஒருபோதும் இருந்ததில்லை. பயத்தில்தான் செய்கிறேன். நாளை முதல் உதை என்னுடையது. உங்களில் யாராவது வந்து பக்கத்தில் நில்லுங்கள். தனியே செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது.