ஜனாவின் இடது கணுக்கால்

வெள்ளவத்தையில் இப்போது நல்ல நல்லெண்ணெய் வாங்க முடியாது, சேர். போத்தலில் செக்கெண்ணெய் என்று அழகாக ஒட்டியிருப்பார்கள். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் மணமே இருக்காது. எலும்புக்கு அது உதவாது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் எடுப்பிப்பேன். ஜனாவுக்குப் பாவித்ததும் அந்த எண்ணெய்தான். மருந்தில் நான் ஒரு குறையும் விடவில்லை என்பதை முதலில் உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் நாகேந்திரம். பாமன்கடையில் முறிவு நெரிவு வைத்தியம் பார்க்கிறேன்; அப்பா பார்த்தது, அவருடைய அப்பா பார்த்தது. ஜனா என் தங்கை சுதர்சினியின் மகன். பதினாறு வயது, தகப்பன் இல்லை. எங்கள் குடும்பத்தில் கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எஞ்சினியர்கூட எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் களவாக என்னிடம்தான் வருவார்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் டீவியில் வந்த ஒரு கார்ட்டூன். ஈர்க்குக் கால்களும் முகத்தில் பாதிக்குக் கண்களுமாக ஒரு பொடியன்; அவன் பலே என்கிற வெள்ளைக்காரர் நடனம் ஆடுகிறவனாக வேண்டுமாம். ஒவ்வொரு பகுதியிலும் யாராவது அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவன் அழுவான், பிறகு எம்பி அந்தரத்தில் நிற்பான், சிரித்தவர்களே கைதட்டுவார்கள். கீறின படத்துக்குப் பாரமுண்டா, எலும்புண்டா? அது எவ்வளவு நேரமும் அந்தரத்தில் நிற்கும். அந்த அறிவுகூட இல்லாமல் என் மருமகன் சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு ஹோலுக்குள் துள்ளத் தொடங்கினான்.

சுதர்சினி கண்டிக்கவில்லை. பம்பலப்பிட்டியில் ரொஷேல் மிஸ் என்ற பறங்கிப் பெண்ணிடம் பலே வகுப்புக்கு அனுப்பினாள். கோயிலடியில் சொந்தக்காரர்கள், "மருமகன் இறுக்கின களிசான் போட்டு ஆடுறாராமே?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சீத்துவம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றவன் நான்தான்.

ஆடி மாதம் வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வந்து பிள்ளைகளைத் தெரிவுசெய்யப் போகிறாள், எடுபட்டால் அங்கேயே கூட்டிப்போய்ப் படிப்பிப்பார்கள் என்றார்கள். ஜனா கட்டாயம் எடுபடுவான் என்று ரொஷேல் மிஸ் சொன்னாளாம். அதற்குச் சில மாதம் இருக்கையில், மழை ஈரத்தில் தொடர்மாடிப் படியில் சறுக்கி விழுந்தான். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நான் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற ஆள் இல்லை.

தங்கை போன் எடுத்து, "அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டோ?" என்று கேட்டாள்.

"பிளாஸ்ரர் போட்டாக் கால் விறைச்சுப் போம். நான் இருக்கிறன்தானே," என்றேன். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தொட்டதுமே தெரிந்தது. கணுக்காலின் வெளி எலும்பு. சுத்தமான முறிவு, சின்ன விலகல். கற்றுக்குட்டிகூடப் பொருத்திவிடுவான். உளுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினேன். ஞாயிறுதோறும் அவிழ்த்து, எண்ணெய் பூசி, திரும்பக் கட்டினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். ஒருநாள், "மாமா, திரும்பத் துள்ளலாம்தானே?" என்று கேட்டான். "ஓம் ராசா, துள்ளலாம்," என்றேன். வருத்தக்காரப் பிள்ளையின் மனத்தை நோகடிக்கக் கூடாது.

கட்டை முழுதாக அவிழ்த்தபோது பாதம் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்சம் சாய்ந்து நடக்கலாம். பஸ் ஏறலாம், கந்தோருக்கு வேலைக்குப் போகலாம், கலியாணம் கட்டலாம். எம்பினால் மட்டும் இறங்க முடியாது. கோயிலடியில் இப்போது யாரும் சிரிப்பதில்லை, "பாவம்" என்கிறார்கள். அது மரியாதையான சொல். அவன் அந்தக் கார்ட்டூனைப் போடுவதில்லை, ஒருவரோடும் அதிகம் கதைப்பதுமில்லை. மேசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சுதர்சினி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மீசை முளைத்து நாலு நாள் ஆகாத ஒரு டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கிழவருக்குப் பொருத்தத் தெரியவில்லை, கை நடுங்கியிருக்கும் என்றாராம். அதைக் கேட்டுத்தான் ரொஷேல் மிஸ் உங்களிடம் முறைப்பாடு செய்தாள். தங்கை நேற்று வந்து அழுதாள். "நீங்க வேணுமெண்டு செய்யேல்லைத்தானே அண்ணா. வழக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்," என்றாள். என்னை மன்னிக்கிறாளாம்.

நீங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள், அஹ்ஸன் சேர்: வயோதிபம், கைப்பிழை. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். இந்தக் கைகளைப் பாருங்கள், நடுங்குகின்றனவா? முதல் நாளே எலும்பைச் சரியாகப் பொருத்திவிட்டேன். வந்து உட்கார்ந்தது விரலுக்குத் தெரிந்தது. பிறகு கொஞ்சம் யோசித்தேன். பாதத்தை ஒரு விரற்கடை வெளியே திருப்பி, அப்படியே வைத்துக் கட்டினேன். ஞாயிறுதோறும் அவிழ்த்தது, அது நேராகிவிட்டதா என்று பார்க்கத்தான். நேராகியிருந்தால் திரும்பவும் திருப்பினேன். நான் எங்கே வைத்தேனோ அங்கேதான் அந்த எலும்பு கூடியிருக்கிறது.

இதை அப்படியே எழுதுங்கள். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, சேர்.