துண்டுக்கடியில் முடிந்த சம்பந்தம்

போடியில் சிலமலை பஸ்சுக்கு வரிசையில் நின்றிருந்தேன். பஸ் வராமலே போய்விடுமோ என்று எனக்கு ஒரே பதைப்பு. அப்போது முன்னால் நின்ற ஏலக்காய்த் தரகர், கூட வந்த மச்சானிடம் சொன்னார்: "கல்யாணத்துக்குச் சம்மதிச்சது என் கைதான் மச்சான், நான் இல்ல."

"என்ன மாப்ளே உளர்றே?"

"சும்மா பொண்ணு பாத்துட்டு வரத்தான் போனேன். பலகாரம் தின்னு கை கழுவினேன். பொண்ணோட அப்பா ஈரம் தொடைக்கத் துண்டைக் கொண்டாந்து கைமேல போட்டாரு."

"போட்டா என்ன?"

"தெனமும் துண்டுக்கடியில விரலைப் புடிச்சுத்தான காய்க்கு வெலை பேசுறோம்? துண்டு விழுந்ததும் என் விரல் தானா அவரு விரலை அமுக்கிருச்சு. வாயும் 'முடிச்சுக்குவோம்'னுருச்சு."

"அவரு?"

"கண்ணு கலங்கிப்போயி, தை மாசமே வச்சுக்குவோம்னுட்டாரு."

மச்சான் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"பொண்ணு எப்படி மாப்ளே?"

"எங்க பாத்தேன்? உள்ள களுக்குன்னு சிரிச்சது மட்டும் கேட்டுச்சு."

"இப்ப என்ன செய்யப் போறே?"

"நேரா போயி, தெரியாம நடந்துபோச்சு, இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டு வெரசா வந்துரணும்."

"வேணாம்னு சொல்லப் போறவனுக்கு எதுக்கு மாப்ளே மல்லியப்பூ?"

தரகர் தன் இடது கையிலிருந்த இலைப் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தார்.

"இத நான் எப்ப மச்சான் வாங்கினேன்?"